இருநூற்றைப் பிரித்தால்

(நெடுங்கேணியில் நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இன்று உங்கள் முன் ஓர் எண்ணைக் கொண்டுவந்திருக்கிறோம்: 3,972,999,029,388. நம் வழக்கிலே 3 இலட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388. விநாடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாமல் எண்ணினாலும் முடிக்க ஓர் இலட்சத்து 25 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற் செல்லும்.

இவ்வெண் எங்கிருந்து வந்தது? சூடடித்த களத்திலே நாலு மூடை நெல் கிடக்கிறதென வைத்துக்கொள்ளுங்கள். நாலையும் ஒரே அடுக்காக்கலாம், மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம், இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, அல்லது நாலையும் தனித்தனியே. ஆக ஐந்து வழி. எந்த மூடை எந்த அடுக்கில் என்பது கணக்கில்லை. பத்து மூடைக்கு எத்தனை வழி? ஒரு மாலை குளக்கட்டிலிருந்து எழுதிப் பார்த்தோம். ஒருவருக்கு 41 வந்தது, இன்னொருவருக்கு 43. சரியான விடை 42. பத்துக்கே இந்தப் பாடென்றால் 200 மூடைக்கு? அதற்கு விடைதான் நாம் கொண்டுவந்த எண்.

இதைக் கையாலே கணித்தவர் மேஜர் மக்மஹொன் என்னும் பீரங்கிப் படையாளர், இந்தியாவிலும் பணிபுரிந்தவர். ஒயிலர் கண்ட விதிப்படி, முந்திய விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த விடையைப் பெற்று, 200 வரை சென்றார். இடையில் ஓர் இலக்கம் தவறினால் பின்வருவனவெல்லாம் தவறும்.

கும்பகோணத்து இராமானுஜனோ 1914 இல் கேம்பிறிட்ஜ் சென்று, ஹார்டியுடன் சேர்ந்து வேறு வழி தேடினார். 1918 இல் வெளிவந்த அவர்களது சூத்திரத்துக்கு முந்திய விடைகள் வேண்டியதில்லை. அதிலே வட்டத்துக்குரிய பையும் வர்க்கமூலமும் வருகின்றன. மூடை எண்ணும் வேலையில் வட்டம் எதற்கு என்று நாமும் திகைத்தோம்! 200 ஐ இட்டால் முதல் உறுப்பு 3,972,998,993,185.896, ஏறக்குறைய 36 ஆயிரம் குறைவு. இரண்டாம் உறுப்பு 36,282.978 ஐச் சேர்க்கிறது. இப்போது ஏறக்குறைய 81 கூடிப்போயிற்று. மூன்றாவது 87.555 ஐக் கழிக்கிறது. இப்படி எட்டு உறுப்பும் முடிந்தபோது கிடைத்தது 3,972,999,029,388.004. மேஜரின் விடையோடு வேற்றுமை ஆயிரத்தில் நாலு பங்கு!

நாமகிரித் தாயார் கனவிலே வந்து இராமானுஜனுக்குக் கணக்குச் சொன்னார் என்பர். அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனாற் கனவை மாத்திரம் சொல்லி இந்த எட்டு வரிக் கூட்டலை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் நீதியாகாது.

மேஜரின் அட்டவணையிலே அவர் இன்னொன்றும் கண்டார். 4, 9, 14, 19 என, நாலிலோ ஒன்பதிலோ முடியும் எண்களுக்குரிய விடைகள் 5, 30, 135, 490. யாவும் ஐந்தாற் பிரிபடுவன. எவ்வளவு தூரம் போனாலும் இது மாறாதென 1919 இல் நிறுவினார். 199 இன் விடை 3,646,072,432,125; பாருங்கள், ஐந்திலே முடிகிறது. 200 இன் விடைக்கு அந்தப் பேறு இல்லை. ஆயினும் அது 12 ஆற் பிரிபடும்: இலக்கங்களின் கூட்டுத்தொகை 78, கடைசி இரண்டிலக்கம் 88. வீட்டிலே சரிபார்க்கலாம்.

அடுத்த முறை 14 மூடைக்குரிய 135 வழிகளையும் எழுதிப் பார்க்க எண்ணியுள்ளோம். குளக்கட்டிலே இடமுண்டு, வர விரும்புவோர் கொப்பியும் பென்சிலும் கொண்டுவாருங்கள்.