நுதலும் நுதற்பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நெற்றியைக் குறிக்கத் தமிழில் 'நுதல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. தலைவியின் எழிலைப் பாடவும், பிரிவால் அவள் நெற்றியில் படர்ந்த பசலையைப் பாடவும் சங்கப் புலவர்கள் இச்சொல்லைப் பெரிதும் ஆண்டனர். 'நுதலுதல்' என்னும் வினைக்கோ கருதுதல், சொல்லக் கருதியதை முன்வைத்தல் என்பன பொருள். தொல்காப்பிய மரபியல் எண்ணும் 32 உத்திகளுள் முதலாவது 'நுதலியது அறிதல்' ஆகும். நெற்றிக்கும் கருதிய குறிக்கோளுக்கும் ஒரே ஒலி அமைந்திருப்பது அறிவியல் சான்று ஆகாது. ஆயினும், நெற்றி எலும்பின் பின்னே உறையும் மூளைப் பகுதியின் பணியை விளக்குதற்கு இதனினும் பொருத்தமான சொல் அரிது.

மூளையின் மேற்பரப்பாகிய புறணியின் முன்பகுதி நுதல் மடல் எனப்படும். அம்மடலின் பின்விளிம்பு கை கால்களை இயக்குவது. அதற்கும் முன்னே விரிந்து கிடக்கும் பரப்பே முன்நுதல் புறணி. காண்டல், கேட்டல், கையை அசைத்தல் ஆகியவை அதன் நேர்ப்பணிகள் அல்ல. அவற்றையெல்லாம் ஒரு குறிக்கோளை நோக்கி ஒழுங்குபடுத்துவதே அதன் பணி. இதனைச் செயலாட்சித் திறன் எனலாம். இத்திறன் எத்தகையது என்பதை ஓர் இரவு உணவு உலகுக்கு உணர்த்தியது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மூளை அறுவை மருத்துவராக விளங்கிய வைல்டர் பென்பீல்டு, 1928ஆம் ஆண்டில் தம் தமக்கையாருக்கே அறுவை செய்ய நேர்ந்தது. அவருடைய வலப்புற நுதல் மடலில் கட்டி வளர்ந்திருந்தது. உயிரைக் காக்க வேண்டி அம்மடலின் பெரும்பகுதியை மருத்துவர் அகற்றினார். அம்மையார் பிழைத்தார், இல்லம் திரும்பினார். பேச்சு குன்றவில்லை, பழைய நினைவு மங்கவில்லை, பண்பான பழக்கமும் மாறவில்லை.

பின்னர் ஒருநாள் தம்பியை விருந்துக்கு அழைத்தார். விருந்தினர் ஒருவர், வீட்டார் நால்வர். பலகாலம் குடும்பம் நடத்திய தாய்க்கு இஃது எளிய வேலை. ஆயத்தம் செய்யப் பகல் முழுதும் இருந்தது. ஆயினும், குறித்த நேரத்தில் தம்பி வந்தபோது அவர் அடுக்களையில் கலங்கி நின்றார். வேண்டிய பொருள்கள் யாவும் அங்கே இருந்தன. ஒன்றிரண்டு மட்டும் அடுப்பில் இருந்தன. காய்க்கலவை முடியவில்லை; இறைச்சி அடுப்பேறவே இல்லை. தனித்து நெடுநேரம் முயன்று அவர் சோர்ந்திருந்தார். பிறர் உடன் நின்று உதவியதும் வேலை விரைந்து முடிந்தது. நோய் மீண்டும் தோன்றியதால் 1931இல் அவர் மறைந்தார். 1935இல் பென்பீல்டு வெளியிட்ட மருத்துவக் கட்டுரையில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றது.

ஒவ்வோர் உணவையும் தனித்தனியே சமைக்க அறிந்தவர் எங்கே இடறினார்? நெடுநேரம் வேகவேண்டியதை முதலில் ஏற்றவேண்டும். கண்ணெதிரே உள்ள எளிய வேலை ஈர்த்தாலும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கிளறும்போதே மற்றொன்றின் நிலையை மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும். பால் பொங்கினால் அங்கே ஓடி, அதனை முடித்து, விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். அடக்கம், செயல்நினைவு, மாறும் நெகிழ்வு என இம்மூன்றையும் செயலாட்சித் திறனின் கூறுகளாக இன்றைய உளவியலார் பகுத்துரைப்பர். அகிரா மியாகேயும் அவர்தம் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவை தம்முள் தொடர்புடையன, ஆயினும் வேறுவேறானவை என்று காட்டியது.

மனத்தில் ஏந்தியிருத்தல் என்பது வெறும் உருவகம் அன்று. குரங்குக்கு உணவை ஓரிடத்தில் ஒளித்துக் காட்டி, திரையிட்டு, சிறிது நேரம் காக்கவைப்பர். அக்காத்திருப்பின்போதும் முன்நுதல் புறணியின் நரம்பணுக்கள் சில விடாது துடிப்பதை 1971இல் ஹோவாகின் பஸ்டர் முதலிய ஆய்வாளர்கள் கண்டனர். கண்முன் இல்லாததை உள்ளே உயிரோடு வைத்திருக்கும் இவ்வாற்றல் இல்லையேல் சமையலும் இல்லை, கவிதையும் இல்லை. முதலடியின் எதுகையை நெஞ்சில் தாங்கி, முந்திவரும் பழகிய சொல்லை விலக்கி, பாட்டின் முடிவு நோக்கி நடக்கும் கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும், முன்நுதல் புறணி தனியரசன் அன்று. மூளையின் ஆழத்துக் கருத்திரள்களோடும் பின்புறப் பகுதிகளோடும் ஓயாது செய்தி பரிமாறியே அது ஆள்கிறது. அது முதிர்வதும் மெல்லத்தான். இருபதுகளின் நடுப்பகுதிவரை அவ்வளர்ச்சி நீள்கிறது. ஆகவே, பதினாறு வயதுப் பிள்ளையிடம் முதிர்ந்தோர்க்குரிய முன்யோசனை முழுதும் இல்லையெனச் சினப்பது, காயிடம் கனியின் சுவையைக் கேட்பதாகும்.

ஈண்டுக் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. 1930களின் இறுதியில் மாண்ட்ரியலில் டொனால்டு ஹெப் என்னும் உளவியலார், நுதல் மடலின் பகுதி நீக்கப்பட்டோரை ஆராய்ந்தார். வழக்கமான நுண்ணறிவுத் தேர்வுகளில் அவர்களுட் சிலர் குறைவின்றி விளங்கினர். கேள்வியைத் தேர்வாளரே தொடுக்கிறார். வரிசையை அவரே வகுக்கிறார். நேரத்தையும் அவரே அளக்கிறார். நோயாளி இழந்த பணியைத் தேர்வாளரே செய்துவிடுவதால் குறை மறைந்துபோகிறது. அடுக்களையில் அத்தகைய தேர்வாளர் இல்லை. தேர்வுத்தாள் காணாததை ஓர் அடுப்பங்கரை கண்டது. 'வெறும் சமையல்' என ஒதுக்கப்படும் பணியில் மூளையின் மிக உயர்ந்த ஆற்றல்கள் நாள்தோறும் உழைக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தலைக்காயத்தாலோ பக்கவாதத்தாலோ நுதல் மடல் பழுதுற்றோர் இன்றும் பல இல்லங்களில் உள்ளனர். நன்றாகப் பேசுகிறார், ஆனால் தொடங்கிய வேலையை முடிப்பதில்லை. கேட்டால் எல்லாம் தெரிகிறது. ஆனால் தாமாக எழுந்து செய்வதில்லை. இவர்களைச் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவர் என்றும் சுற்றம் ஏசுகிறது. அவர்கள் இழந்தது மனம் அன்று, மனத்தின் நிரல். அடுத்தது இன்னது என்று அருகிருந்து சொல்லும் ஒரு குரலும், சுவரில் ஒட்டிய ஒரு பட்டியலும் அவர்க்கு ஊன்றுகோல் ஆகலாம். அந்த மாண்ட்ரியல் அடுக்களையில் கலங்கி நின்ற அம்மையாருக்கு வேண்டியிருந்ததும் ஏச்சு அன்று, உடன் நின்ற ஒரு துணையே. இதுவே இவ்வுரையின் நுதற்பொருள்.