யார் கையில் கைபேசி?

  நேரே பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தொலைமருத்துவம் வந்தால் பெண்களுக்கு மருத்துவம் எட்டும் என்பது துறை நண்பர்களின் கட்சி. எட்டாது என்று நான் சொன்னதில்லை. ஊருக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தை அளக்கிறீர்களே, பெண்ணின் கைக்கும் கைபேசிக்கும் உள்ள தூரத்தை யார் அளப்பது என்றுதான் கேட்டேன். பிற்போக்கு என்றார்கள். இன்று யாரும் எழுந்து மறுக்க வழியில்லாத அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடை வாய்த்திருக்கிறது, விடுவதாக இல்லை.

கில்காரி என்ற கைபேசி அழைப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியில் மழலைச் சிரிப்பொலிக்குப் பெயர். 2013இல் பீகாரில் தொடங்கி, 2016இல் மத்திய அரசு கையில் எடுத்துப் பிற மாநிலங்களுக்கும் கொண்டுபோன திட்டம். கருவுற்ற நாலாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வாரம் ஒன்றாக 72 அழைப்புகள். எடுத்தால், அனிதா என்ற கற்பனை டாக்டரின் பதிவுக்குரல் பேசும். படிப்பு வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். அழகான ஏற்பாடு.

அழைக்கும் எண் எங்கிருந்து வருகிறது? ஆஷா பணியாளரும் துணைச் செவிலியரும் கர்ப்பிணிகளைப் பதியும் பேரேட்டிலிருந்து. அங்கே பல பெண்கள் கொடுப்பது கணவனின் எண். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாடு முழுக்க 54 விழுக்காடுதான். பீகாரின் ஆண்களோ பஞ்சாபுக்கும் தில்லிக்கும் பிழைக்கப் போகிறவர்கள்; சட்டைப்பையில் கைபேசியும் ரயிலேறிவிடும். லூதியானாவில் மூட்டை தூக்குகிறவனிடம், இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே என்று வாராவாரம் சொல்லும் அந்தக் குரலை நினைத்துப் பாருங்கள். இரவு வீட்டுக்குப் பேசும்போது அதையா சொல்வான்? அனுப்பிய பணம் வந்ததா என்று கேட்பான். கணினியிலோ 'அழைப்பு ஏற்கப்பட்டது' என்று பதிவாகியிருக்கும். நண்பர்கள் வரைபடமாக்கிக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

மத்தியப் பிரதேசத்தில் கில்காரி பற்றி நடந்த சோதனையாய்வை என்மேல் எடுத்துவீசுவார்கள். கருத்தடை முறைகளின் பயன்பாடு ஓரளவு கூடியது, உண்மை. தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது கூடவில்லையே? அதுவும், கைபேசி எட்டும் பெண்களையே சேர்த்து நடத்திய ஆய்வில்! என் ஊகத்தைச் சொல்கிறேன்: கருத்தடைச் செய்தி கணவன் காதில் விழுந்தாலும் வேலை செய்யும், பாலூட்டும் செய்தி மாமியார் காதுக்கும் போக வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை காதுகள் என்று எண்ணாமலே செய்தி எழுதிவிட்டோம். (கணவனுக்குப் போன அழைப்பெல்லாம் வீண் என்று முன்பு எழுதியவர்களில் நானும் உண்டு.)

பாகிஸ்தானின் சேஹத் கஹானி என்ற தொலைமருத்துவ அமைப்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; சுருக்கமாகச் சொல்கிறேன். மணமானபின் வீட்டோடு நின்றுவிட்ட பெண் மருத்துவர்கள் அங்கே நோயாளிகளைத் திரைவழியே பார்க்கிறார்கள். நோயாளி பக்கத்தில் செவிலியர். கருவி கணவன் பையில் இல்லை, கிளினிக்கில் இருக்கிறது. நம் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் நலவாழ்வு மையத்திலிருந்து பணியாளர் துணையோடு மருத்துவரைப் பார்ப்பது ஒரு வழி, வீட்டிலிருந்து தானே அழைப்பது இன்னொரு வழி. இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டாதீர்கள்.

வீட்டிலிருந்து தானே அழைத்தாலும், மாமியார் உட்கார்ந்திருக்கும் அறையில் வெள்ளைப்படுதலைப் பற்றி எந்த மருமகள் வாய் திறப்பாள்? இது தனிச் சொற்பொழிவுக்கான பொருள்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை: கில்காரி அழைப்பு எந்த மணிக்குப் போகிறது என்று பார்ப்பது, பதிவுக்குரலை மைதிலி, போஜ்புரி மொழிகளில் சோதிப்பது, கணவன் வெளியூர் போனபின் பேரேட்டு எண் மாறுகிறதா என்று தேடுவது. எல்லாவற்றுக்கும் முன்னால், எண்ணுக்குப் பக்கத்தில் 'யாருடையது' என்று ஒரு கட்டம் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். யாராவது இந்தக் கோடையிலேயே தொடங்குவதானால் என் பழைய குறிப்பேடுகளைத் தருகிறேன். கையெழுத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.