அரை அங்குலம் குறைஞ்ச 12 துண்டு

சேத்தியாத்தோப்பிலேர்ந்து பேசுறேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் ரோடு பக்கத்துலதான் போகுது.

பழைய புடவைய வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைக்கிற போர்வைல வர்ற தப்புகளப் பத்தி இன்னைக்குப் பேசலாம். முதல்ல என் தப்ப சொல்லிடுறேன்.

அம்மா போன பிறகு அவங்களோட சுங்குடிப் புடவை மூணு என்கிட்ட வந்துச்சு. அக்கா பொண்ணு பிரசவத்துக்கு ஒரு போர்வை தைக்கலாம்னு உட்கார்ந்தேன். 5 அங்குல அட்டைய வெச்சு, துணிய நாலு மடிப்பா போட்டு வெட்டுறேன். அட்டை நகர்ந்தத கவனிக்கல. பார்க்கிறதுக்குள்ள 12 துண்டு அரை அங்குலம் குறைஞ்சு போச்சு. வேற துணின்னா கடைல வாங்கலாம். அம்மா கட்டின புடவைய எங்க போய் வாங்குறது? மிஷினை மூடினவ எட்டு நாள் திறக்கல.

அப்புறம்தான் அதே புடவையோட கரைய எடுத்து, குறைஞ்ச பக்கம் ஒட்டுப்போட்டேன். இங்க ஒரு கணக்கு இருக்கு. அரை அங்குலம் குறையுதுன்னு அரை அங்குலப் பட்டை வெட்டக் கூடாது (முதல்ல ஒண்ணு அப்படி வெட்டி வீணாக்கினேன்). ஒட்டுற இடத்துல ரெண்டு துணியிலயும் கால் கால் அங்குலம் தையலுக்குள்ள போயிடும். அதனால ஒரு அங்குலப் பட்டை வேணும்.

எல்லாத் தப்பையும் பிரிக்கணுமான்னு கேட்டா, இல்ல. கையால போடுற ஓட்டுத்தையல் கோணலா போனா நான் தொடவே மாட்டேன். துண்டுகள இணைக்கிற தையல் நகர்ந்தா மட்டும் உடனே பிரிச்சிடுவேன். ஒரு மில்லிமீட்டர் உள்ள தள்ளிப் போனா ரெண்டு துண்டுலயும் சேர்த்து 2 மில்லி குறையும். 12 துண்டு வரிசைல 11 தையல். மொத்தம் 22 மில்லி, கிட்டத்தட்ட ஒரு அங்குலம். அடுத்த வரிசையோட சேர்க்கும்போது மூலை எங்கயோ நிக்கும். சாயம் போற துணிய அப்புறம் சரி பண்றது கஷ்டம். வெட்டுறதுக்கு முன்னாடியே ஈர வெள்ளத் துணியால தேய்ச்சுப் பார்த்துடுங்க.

கர்நாடகத்துல ஹலியால், எல்லாபுரம் பக்கம் சித்திப் பெண்கள் கவந்தின்னு ஒரு போர்வை தைக்கிறாங்க. சித்தின்னா நம்ம அம்மாவோட தங்கச்சி இல்ல, ஆப்பிரிக்க வழி வந்த சமூகம். ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. ஒரு துண்டு சின்னதா போனா அடுத்தத கொஞ்சம் பெருசா வெச்சுக்கலாம். அளவு அட்டைக்கு அங்க வேலையே இல்ல. எனக்கு அந்த தைரியம் இன்னும் வரல.

போர்வைய அக்கா விரிச்சுப் பார்த்துட்டு, "அம்மா புடவைக் கரைய ஏண்டி இந்தப் பக்கம் மட்டும் வெச்சே?"ன்னு கேட்டா. "துணி பத்தலக்கா"ன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கரையவே தடவிக்கிட்டு இருந்தா.

அடுத்த தடவை, பின்பக்கத் துணில விழுற சுருக்கத்தப் பார்க்கலாம். வர்றேன்.