இதழும் சங்கமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

செய்தி இதழ்களின் சங்கத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இதழ் நடத்துவோர் தனித்தனியே நின்றால் நலிவர் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் அவர்களே. 1939ஆம் ஆண்டில் செய்தித்தாள் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, இன்று இந்தியச் செய்தித்தாள் சங்கம் என வழங்கும் அமைப்பை நிறுவினர். விளம்பர முகவர்களின் நாணயத்தை ஆராய்ந்து ஏற்பளிப்பது அதன் பணிகளுள் தலையாயது. முகவர் பணம் கொடாது ஏமாற்றின், ஓர் இதழ் மட்டும் கேட்பதில்லை, சங்கமே கேட்கிறது. அதனால் சிற்றிதழுக்கும் ஒரு காப்பு உண்டாகிறது. 1940இல் ஆசிரியர்களும் அகில இந்திய மாநாடு ஒன்றை அமைத்துக்கொண்டனர். எழுத்துரிமைக்கு இடையூறு நேர்ந்தபோது ஒருமித்துக் குரல் கொடுக்க அது துணை செய்தது.

நம் மதுரை மாநகரும் இவ்வரலாற்றில் பங்குடையது. 1942இல் சி. பா. ஆதித்தனார் இங்குதான் தினத்தந்தியைத் தொடங்கினார். எளிய தமிழில் வந்தமையால், எழுத்துக் கூட்டிப் படிப்போரும் தேநீர்க் கடைகளில் நாளிதழைக் கையிலெடுத்தனர்.

ஆயினும் அக்கைகளுள் நம் கை இருந்ததா? என் இளமையில், மதுரைக்குக் கிழக்கேயுள்ள எங்கள் ஊரில், பொதுப் படிப்பகத் திண்ணையில் நம்மவர் ஏறுதல் கூடாது. என் தந்தையார் வயல் வேலை முடித்து வந்து, தெருவில் நின்றவாறே, உள்ளே ஒருவர் உரக்கப் படிப்பதைக் கேட்பார். நான் படிக்கத் தொடங்கிய பின்னர், மளிகைப் பொட்டலம் மடித்த தாளை விரித்து என்னைப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும், “நம்ம தெருவைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானாப்பா?” என்று கேட்பார். “இல்லை ஐயா” என்பதே என் விடை.

நம்மைப் பற்றி எழுதிய இதழ்கள் அதற்கு நெடுநாள் முன்னரே இருந்தன என்பதை அவரும் அறியார். நானும் அன்று அறியேன். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைச் சென்னையில் தொடங்கினார். இழிவாகக் கூறப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூட்டினார். அது 1900 வரை நடந்தது. அவர் வெளிநாடு சென்றபின் எடுத்து நடத்துவார் இல்லை. 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை இராயப்பேட்டையில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் பண்டிதர் மறைந்தார். சிறிது காலத்தில் இதழும் ஓய்ந்தது.

ஆனால் அவ்வரலாறு அங்கே முடியவில்லை. பண்டிதர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை கோலார் தங்கவயலில் வேரூன்றியிருந்தது. சுரங்கத்தில் உழைத்த நம் தமிழ் மக்கள் அதன் உறுப்பினர்கள். 1926இல் ‘தமிழன்’ அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராயிருந்தார். ஆசிரியர் மறைந்தும் இதழ் உயிர்த்தெழுந்தது எதனால்? சங்கம் இருந்தமையால்! தனி மனிதரின் தியாகம் இதழைப் பிறப்பிக்கும். மக்களின் சங்கமே அதனை வாழ்விக்கும்.

பெரியோர்களே! இவ்வுண்மையை நம் கழகம் செயலாக்குதல் வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு படிப்பகம் அமைப்போம். நம் மக்கள் நடத்தும் இதழ்களுக்குக் கழகத்தின் பெயரால் ஆண்டுச் சந்தா கட்டுவோம். ஒருவர் கட்டினால் அது உதவி. நூறு பேர் கட்டினால் அது அடித்தளம். பழைய இதழ்களைக் கட்டுக் கட்டி நூலகத்தில் காப்போம். தம் தெருச் செய்தியைப் பிழையின்றி எழுதியனுப்பும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்போம். கைப்பேசியில் செய்தி நொடியில் வரும் காலம் இது. எனினும் நம் செய்தியை நாமே எழுதாவிடில் அதிலும் நாம் இரோம்.

என் தந்தையார் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. “ஆம், போட்டிருக்கிறது” என்று விடையளிக்கும் பொறுப்பு, மாணவச் செல்வங்களே, உங்களுடையது.