விளையாட்டு வினையானால்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியபோது, வீடு வீடாகக் கூப்பிட்டு, "கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்க" என்று சொன்னவன் நான்தான். பாடத்துக்காகச் சொன்னேன். பள்ளி திறந்தது. போன் மட்டும் பிள்ளைகள் கையை விட்டு இறங்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு தாயார் பள்ளி வாசலில் நின்று அழுதார். பெயர் வேண்டாம். மகன் இரவு மூன்று மணி வரைக்கும் விளையாடுகிறான். அம்மாவின் பையிலிருந்து பத்தும் ஐந்துமாக எண்பது வெள்ளி எடுத்து, டாப் அப் வாங்கி விளையாட்டில் போட்டுவிட்டான். "சார், எங்கப்பா சம்சுல போனாரு, வீட்டுக்காரரு நம்பர்ல போறாரு, இப்ப இவன் இதுல போறானே. எல்லாம் ஒன்னுதானா சார்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று சொல்கிறேன்.

எல்லாம் ஒன்றல்ல. சம்சு உடம்பையே பிடித்துக்கொள்ளும். பல ஆண்டு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அவரை மருத்துவமனையில் வைத்து நிறுத்துகிறார்கள். விளையாட்டை நிறுத்திய பிள்ளை கத்துவான், சோறு வேண்டாம் என்பான், உடம்பில் நஞ்சு ஏறியிருக்காது. மேலும், விளையாடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கூப்பிட்டால் எழுந்து வருகிறவர்கள்தாம். போனும் கஞ்சாவும் ஒன்று என்று மேடையில் முழங்குவதை நான் ஏற்கவில்லை.

ஆனால், நம்பர் எடுக்கிறவர் எதை விழுங்கினார்? ஒரு துண்டுத் தாள்தானே? இருந்தும் சம்பளம் போகிறது. இதைப் பார்த்துத்தான் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நூலில் சூதாட்டத்தைக் குடி, போதைப்பொருள் இருக்கும் அத்தியாயத்திலேயே சேர்த்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடப்புக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டு அடிமைத்தனம் சூதாட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, இதற்குச் சொந்த அண்ணன் சூதாட்டம். போதைப்பொருள் பெரியப்பா வீட்டுப் பிள்ளை.

நிறுத்த முடியாமை, மற்றதெல்லாம் இரண்டாம் பட்சமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை ஓராண்டளவு நீடித்தால்தான் பெரும்பாலும் நோய் என்கிறார்கள். பள்ளி விடுமுறையில் நாலு நாள் ஆடினான் என்று பயந்துவிடாதீர்கள்.

அண்ணன் தம்பி ஒற்றுமை எங்கே என்று கேட்பீர்கள். எப்போதும் தோற்கிறவன் விட்டுவிடுவான். எப்போதாவது ஓர் ஆறுதல் பரிசு, இல்லாவிட்டால் "ஒரு நம்பர்ல போச்சே" என்ற ஏக்கம், அதுதான் மறுபடி கடைக்கு இழுக்கிறது. இந்த விளையாட்டுகள் பலவற்றிலும் காசு கட்டி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன என்று திறக்கும் வரை தெரியாது. பெல்ஜியம் நாடு 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. நம்பர் கடைக்காரர் பத்து வயசுப் பையனுக்குச் சீட்டு விற்கமாட்டார். இவன் பாயில் படுத்துக்கொண்டே பெட்டியைத் திறக்கிறான்.

இன்னொன்று. நாலைந்து பேர் ஒரு குழுவாக ஆடுகிறார்கள். நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் ஏசுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஓர் ஆட்டம் கால் மணி நேரம் போல ஓடும். அது தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்கு மேல் இணையத்தில் விளையாடக்கூடாது என்று சட்டமே போட்டது. 2022-இல் அதைக் கைவிட்டது. சட்டம் செய்யாததை என் பிரம்பா செய்யப்போகிறது?

அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினேன். அப்பா போனைப் பிடுங்கி உடைக்கப் போனார். பையன் தலையைக் குனிந்தபடி, "அப்பா நம்பர் பார்க்கிறப்ப யாரும் பிடுங்கலையே" என்றான். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் வெகுநேரம் வாய் திறக்கவே இல்லை.

இப்போது அந்த வீட்டில் இரவு ஒன்பதரைக்கு அவன் போனும் அப்பா போனும் அடுப்படியில் அரிசி டின் மேல் போய்விடுகின்றன. எல்லா நாளும் நடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். போன மாதம் இரண்டு முறை தவறியிருக்கிறது. ஒரு முறை பையன், ஒரு முறை அப்பா.

வரும் வெள்ளிக்கிழமை முதல் மாலை ஐந்து மணிக்குப் பள்ளித் திடலைத் திறந்து வைக்கிறேன். பந்து இரண்டு இருக்கிறது. பையன்களை மட்டும் அனுப்பாதீர்கள், அப்பாமார்களும் வாருங்கள். கோல் காக்க ஆள் போதவில்லை.