வட்டக் கழகம் வளர்த்த தமிழ்



பத்தாண்டு நிறைவுற்ற இவ்விலக்கிய வட்டத்தில், மறைந்துபோன வேறொரு வட்டத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அது தஞ்சை வட்டக் கழகம். மக்கள் நாவில் அதன் பெயர் 'தாலுகா போர்டு'.

ரிப்பன் பிரபு 1882இல் தன்னாட்சித் தீர்மானம் கொணர்ந்தார். அதன்வழி 1884இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. நகராட்சிக்கு வெளியே இருந்த சிற்றூர்கள், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்னும் மூன்றடுக்கின்கீழ் வந்தன. சாலை, சத்திரம், மருந்தகம், பள்ளி ஆகியவை இவற்றின் பொறுப்பாயின. தஞ்சை ஜில்லா போர்டு இருப்புப்பாதைக்கெனத் தனிவரி பெற்று, 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு வண்டியே ஓடச் செய்தது.

வண்டி ஓடியதை வரலாறு எழுதிற்று. தமிழ் வளர்ந்ததை யார் எழுதினர்?

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவராய் நாம் போற்றும் தமிழவேள் உமாமகேசுவரனார், தஞ்சை வட்டக் கழகத்தின் தலைவராகவும் விளங்கியவர். சங்கத்தில் அவர் தமிழுக்கு மன்றம் கண்டார். கழகத்தில் சிற்றூர்தோறும் பள்ளி கண்டார். அக்காலத்தே ஜில்லா போர்டின் தலைவராய் இருந்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். மராட்டிய மன்னர் காலச் சத்திர அறநிலைகள் அந்தப் போர்டின் ஆளுகையில் இருந்தன. அவற்றின் வருவாயில் திருவையாற்றில் நடந்த கல்லூரி வடமொழிக்கு மட்டுமே இடமளித்தது. அறத்தின் பயன் ஒரு மொழிக்கே உரியதன்று என இருவரும் நின்று, அங்கே தமிழையும் அமர்த்தினர். அவ்வாயில் வழியே புலவர் பலர் உருவாயினர்.

இங்கே மெய்யொன்றை மறைத்தல் தகாது. இக்கழகங்களில் வாக்குரிமை வரி செலுத்தும் தகுதியுடையோர்க்கே இருந்தது. நிலமற்ற உழவர்க்கு அங்கே குரலில்லை. எனினும் பள்ளிக்கும் சாலைக்கும் உதவிய நிலவரி அவர்தம் உழைப்பில் விளைந்ததன்றோ? வாக்கில்லாதார் வியர்வையில் நம் எழுத்து விளைந்தது. இக்கடனை உணராத தமிழ்ப்பற்று முழுமையானதாகாது.

1934இல் வட்டக் கழகங்கள் கலைக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் பின்னர் ஜில்லா போர்டுகளும் மறைந்து, ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன. ஒரு சொல் மட்டும் மறையவில்லை. என் பாட்டனார் தம் இறுதி நாள்வரை, "நான் போர்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்" என்றே பெருமிதத்துடன் கூறுவார். எந்தப் போர்டு என்று சிறுமியாய் இருந்த நான் கேட்டதில்லை. முனைவர் பட்டம் பெற்ற பின்னரே கேட்கத் தோன்றிற்று; அப்போது விடை சொல்ல அவரில்லை.

ஆதலின் இவ்வவையோரிடம் ஒரு வேண்டுகோள். மன்னர் வளர்த்த தமிழை நிரம்பப் பாடிவிட்டோம். உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடுங்கள். அங்குப் பயின்ற முதியோரைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அடுத்த பத்தாண்டு மலர், ஊரார் வரிப்பணத்தில் வளர்ந்த தமிழின் வரலாறாக மலரட்டும்.