எந்த நூற்றில் தொண்ணூறு?



இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களின் பட்டியலை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு எழுதி வைத்திருந்த உரையில் பாதியை அடித்துவிட்டேன். மிச்சமும் நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

‘மாநில நிதிநிலையும் அரசுப் பணியாளரும்’ என்பது இந்தக் கருத்தரங்கின் பொதுத் தலைப்பு. அரசமைப்பின் 202-ஆம் உறுப்பின்படி நிதிநிலை அறிக்கை எப்படிப் பேரவைக்கு வருகிறது, 309-இன் கீழ் பணிவிதிகள் எப்படி இயற்றப்படுகின்றன, 311 யாரைக் காக்கிறது என்றெல்லாம் இந்த அவைக்கு நான் பாடம் நடத்தினால் அது அவமரியாதை. கடன், வட்டி, நிதிக்குழுப் பகிர்வு ஆகியவற்றுக்குத் தனி அமர்வுகள் இருக்கின்றன. ஓய்வூதியத்துக்கு நாளை முற்பகல் முழுவதும் ஒதுக்கியிருக்கிறீர்கள். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் கொண்டுவந்தது சரியா தவறா என்று அங்கே சண்டை நடக்கும். நடக்கட்டும், அதற்குத்தானே கூடியிருக்கிறோம். எனக்குக் கொடுத்த நேரத்தை நான் ஒரே ஒரு எண்ணுக்குச் செலவிடப்போகிறேன். அந்த எண் தொண்ணூறு விழுக்காடு.

2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தம் இங்கே பலருக்கு நேரடி நினைவு. 2002-இல் இயற்றிய அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், நாம் டெஸ்மா என்று சொல்வது, முன்பே கையில் இருந்தது. போதாததற்கு அவசரச் சட்டம் ஒன்றும் வந்தது. விசாரணை ஏதுமின்றி சுமார் 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பானது. நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன். மன்னிப்புக் கடிதமும், 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது.

இதுவரை சொன்னதை நாம் எல்லோரும் வகுப்பில் நடத்துகிறோம். நடத்தாமல் விடுவது அந்தத் தீர்ப்பின் பிற்பகுதியில் ஒரு பத்தி. அரசின் சார்பில் வாதாடிய மூத்த வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் சொன்னதாக அங்கே பதிவாகியிருக்கிறது: மாநிலத்தில் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், நேரடி வரி வருமானத்தில் சுமார் தொண்ணூறு விழுக்காடு அவர்கள் சம்பளத்துக்கே போய்விடுகிறது. வேலையில்லாதோர் இத்தனை பேர் காத்திருக்கும் சமூகத்தில் வேலைநிறுத்தத்தை எந்த நியாயத்தின் பேரிலும் ஏற்க முடியாது என்பது அடுத்த வரி.

நேரடி வரி! ஒரு மாநில அரசுக்கு நேரடி வரி என்று கையில் என்ன இருக்கிறது? வருமான வரி ஒன்றிய அரசுடையது, நமக்கு வருவது பகிர்வு. தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிறது. நில வரி, அன்றைக்கு இருந்த வேளாண் வருமான வரி போன்ற சில்லறை இனங்களைக் கூட்டினால் 12 லட்சம் பேருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடத் தேறாது. இந்த மாநிலம் பல தலைமுறைகளாக மறைமுக வரியில் ஓடுகிற மாநிலம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைப் போட்டார். அதற்குப் பிறகு கருவூலத்தை நிரப்பியவர் கடையில் சோப்பும் சீயக்காயும் வாங்கியவர்தான். எனவே ‘நேரடி வரியில் தொண்ணூறு’ என்பது எந்தக் கணக்கிலும் உட்காராது. வழக்கறிஞர் மனத்தில் இருந்தது மாநிலத்தின் சொந்த வரி வருவாயாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் சரியென்றாலும், சொந்த வரி வேறு, மொத்த வருவாய் வரவு வேறு. ஒன்றியப் பகிர்வும் மானியமும் வரியல்லாத வருவாயும் அதற்கு வெளியே நிற்கின்றன.

வழக்கறிஞர் வாதத்தில் ஒரு சொல் தவறிவிட்டது, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று முன்வரிசையில் இருக்கும் நண்பர் கேட்பது எனக்குத் தெரிகிறது. முன்பு ஒரு கருத்தரங்கிலும் அவர் இதையேதான் கேட்டார். அவருக்கு என் பதில்: வாதம் தீர்ப்பில் ஏறியது, தீர்ப்பிலிருந்து தலையங்கத்துக்கு, தலையங்கத்திலிருந்து பட்டிமன்றத்துக்கு, அங்கிருந்து நம் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு. இறங்கும் ஒவ்வொரு படியிலும் ‘நேரடி வரி’ உதிர்ந்து, ‘அரசின் வருமானத்தில் தொண்ணூறு’ என்று மட்டும் மிஞ்சியது. நண்பரின் நூலிலும் அது அப்படித்தான் இருக்கிறது. மறுபதிப்பு வரப்போவதாகக் கேள்விப்பட்டதால் இங்கே சொல்கிறேன்.

இடதுசாரி நண்பர்களுக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. 2003-இல்தான் வேலைநிறுத்த உரிமை பறிபோனது என்று எழுதுகிறீர்கள். 1962-இல் காமேஷ்வர் பிரசாத் எதிர் பீகார் அரசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையாகாது என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு பீகார் நடத்தை விதிகளில் 4-ஏ விதியை எடுத்து, ஆர்ப்பாட்டத்தையும் சேர்த்துத் தடுத்த பகுதியைச் செல்லாது என்று வெட்டியது. அரசு ஊழியரும் குடிமகனே, அலுவலக வாசலில் தன் குறையைச் சொல்ல அவருக்குப் பேச்சுரிமை உண்டு என்பது அதன் சாரம். சங்கங்களின் கையில் இருக்கவேண்டிய தீர்ப்பு அது. அதை மேற்கோள் காட்டும் தொழிற்சங்க வெளியீடுகள் மிகக் குறைவு. 2003-இல் புதிதாக வந்தவை ‘தார்மிகம்’, ‘நியாயம்’ என்ற இரண்டும். அந்த இரண்டுக்கும் முட்டுக் கொடுத்தது சட்டநூல் எதுவுமில்லை, மேலே சொன்ன தொண்ணூறுதான். ஆகவேதான் அந்த எண்ணை விடமாட்டேன் என்கிறேன்.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2025-26 நிதிநிலை மதிப்பீட்டில் சம்பளம் சுமார் 90,000 கோடி ரூபாய், ஓய்வூதியமும் ஓய்வுக்காலப் பலன்களும் சுமார் 41,000 கோடி. கூட்டினால் 1.31 லட்சம் கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் சுமார் 2.20 லட்சம் கோடி, அதில் இது அறுபது விழுக்காடு. மொத்த வருவாய் வரவு 3.31 லட்சம் கோடி, அதில் நாற்பது. வருவாய்ச் செலவு 3.73 லட்சம் கோடி, அதில் முப்பத்தைந்து. மூலதனச் செலவும் கடன் வழங்கலும் சேர்த்த மொத்தச் செலவு 4.39 லட்சம் கோடி, அதில் முப்பது. தொகை ஒன்று, விழுக்காடு நான்கு. அகவிலைப்படி கேட்டு ஊழியர் வரும் நாளில் அறுபது பேசும், வளர்ச்சித் திட்டங்களைப் பெருமையாகச் சொல்லும் மேடையில் முப்பது பேசும். மாநில நிதிநிலை குறித்து 2001-இல் அன்றைய நிதியமைச்சர் பொன்னையன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையையும் 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டதையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு அட்டவணையிலும் எதை எதால் வகுத்திருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு படித்துப் பாருங்கள். யாராவது ஒரு மாணவர் இதை எடுத்து ஆய்வேடாக்கலாம்.

வகுக்கும் எண்ணைப் பேசியாயிற்று. வகுபடும் எண்ணும் அவ்வளவு யோக்கியமானதல்ல.

நம் கட்டுரைகளில் அடிக்குறிப்பைப் பார்த்தால் நிதிநிலை உரை, வெள்ளை அறிக்கை, ரிசர்வ் வங்கியின் மாநில நிதி ஆய்வு, இவை மூன்றோடு முடிந்துவிடும். மாநிலக் கணக்காயர் தயாரித்து, ஆண்டுதோறும் பேரவையில் வைக்கப்படும் நிதிக் கணக்குகளின் இரண்டாம் தொகுதியில் பிற்சேர்க்கைகள் இருக்கின்றன. முதலாவது சம்பளச் செலவின் ஒப்பீடு. இன்னொன்று உதவி மானியங்கள் யார் யாருக்குப் போயின என்ற பட்டியல். நூலகத்தில் நான் எடுத்த தொகுதிகளில் பல, பக்கம்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. முதல் பட்டியலில் மெலியும் துறை எந்தெந்தப் பட்டியலில் தடிக்கிறது என்பதைத் துறைவாரியாகத் தேடினால் ஒரு கதை கிடைக்கும்.

அரசுப் பள்ளி ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் மேசையில் நிரந்தர ஆசிரியர்களின் வருகைப்பதிவேடு இருக்கும். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர் அந்த ஏட்டில் பெயர் இல்லாதவர். 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொகை பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் மே மாதத்துக்கு ஊதியம் கிடையாது என்பது அவர்களின் நெடுநாள் முறையீடாக இருந்தது. அவர்கள் பணம் திட்ட நிதியாக வருகிறது, ‘சம்பளங்கள்’ என்ற கணக்குத் தலைப்பில் வருவதில்லை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி எடுத்த செவிலியர்களும் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். டாஸ்மாக் சில்லறைக் கடைகளை 2003 கடைசியில் அரசு எடுத்துக்கொண்டபோது உள்ளே வந்த மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் ஒரு நிறுவனத்தின் ஆட்கள். மாநிலத்தின் பெரிய வருவாய் இனமொன்று அவர்கள் கையால் கல்லாவில் விழுகிறது, ஆனாலும் நாம் பார்த்த 90,000 கோடியில் அவர்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்தார்கள். குப்பை அதே தெருவில்தான் இருக்கும், அள்ளுபவர்களும் பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள், மாறுவது கூலி எழுதப்படும் தலைப்பு மட்டும்.

இங்கேதான் நம் துறையோடு என் வாதம். பணிவிதிகளைச் சட்டக்காரர்களிடமும் நிதிநிலையைப் பொருளியலாரிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். 1973 விதிகளைப் படித்து, ஊழியர் எதைச் செய்யலாம், சொத்து வாங்கினால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். சம்பளச் சுமை என்று மறு சாரார் எழுதுகிறார்கள். ஒருவருக்கு நடத்தை விதி பொருந்துமா, 311 காக்குமா, மகப்பேறு விடுப்பு கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவருடைய ஊதியம் எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்கப்படுகிறது என்பதே என்று நான் சொல்கிறேன். பணிவிதி பிறக்குமிடம் நிதித்துறையின் வகைப்பாடு.

மிகை என்பவர்களுக்கு 2020-ஐ நினைவூட்டுகிறேன். ஏப்ரலில் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக்கும் வசதி நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது, அடுத்த ஆண்டு 60. காகிதத்தில் இவை விடுப்பு விதியும் ஓய்வு விதியும். வரவு வறண்ட ஆண்டில் பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் மொத்தமாக வெளியே போகாமல் தள்ளிப்போட்ட நிதி நடவடிக்கை என்றே நான் அவற்றை வாசிக்கிறேன். வயதை உயர்த்தியபோது இளைஞர்களுக்குப் போன பணியிடங்களின் விலையை எந்த அட்டவணையிலும் யாரும் எழுதவில்லை.

நாற்பது விழுக்காடு பாரமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வட்டியையும் கூட்டினால் வருவாய் வரவில் அறுபதைத் தாண்டுகிறது, பாலமும் பாசனமும் கட்டக் கை கட்டுண்டு நிற்கிறது. பணியிடங்களைச் சீராய்வு செய்ய 2018-இல் ஆதிசேஷய்யா குழு அமைத்தபோது சங்கங்கள் அதை அமைத்த அரசாணை 56-ஐ ரத்து செய் என்றன. அந்தக் குழு கேட்ட கேள்வி தவறில்லை என்று அன்றைக்கே எழுதி, வசவும் வாங்கினேன். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியரின் சம்பளத்தை ‘திட்டம் சாராத செலவு’ என்ற பெட்டியில் போட்டுவிட்டு, அந்தக் கட்டடத்துக்குப் பூசிய சுண்ணாம்பை வளர்ச்சி என்று எண்ணும் பழக்கத்தை எனக்கு ஆசிரியர்களாக இருந்தவர்களே நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டியின் பெயர் பின்னாளில் மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஏற்பாட்டாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நானும் பார்த்துவிட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். முதல் அமர்வுக்கு வந்த கட்டுரைகளை முன்கூட்டியே படித்தேன். ஐந்தில் நான்கு ‘ஊதியச் சுமை’ என்று ஒரு விழுக்காட்டை மட்டும் கொடுக்கின்றன, எதனால் வகுத்தது என்று ஒன்றுதான் சொல்கிறது. அந்தக் கட்டுரையாளர் முதலில் வரட்டும். மற்ற நால்வரும் அட்டவணைக்கு மேலே பேனாவால் அதை எழுதிவிட்டு மேடையேறலாம். அதுவரை தேநீருக்குப் பத்து நிமிடம் கூடுதலாக விடச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்கிறேன்.